விடியற்காலைப் பெரட்டும் கணினியின் பெயர்ப்பட்டியலும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பொழுது விடியுமுன்னே மணி அடிக்கும். லயத்து வீடுகளில் விளக்கு எரியும். பெரியவர்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணியார் செக்ரோல் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் இருந்தால் அன்றைக்கு வேலை உண்டு. இல்லையென்றால் வீடு திரும்ப வேண்டியதுதான். இன்னார் பால்வெட்டுக்கு, இன்னார் புல்வெட்டுக்கு, இன்னார் ஸ்டோருக்கு என்று பிரித்தனுப்பிய பிறகே தோட்டம் அன்றைய வேலையைத் தொடங்கும்.

கணினிக்கும் இப்படி ஒரு விடியற்காலைப் பெரட்டு உண்டு என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கணினியின் விசையை அழுத்தியவுடன், நாம் கேட்காமலே பல வேலையாட்கள் எழுந்து வந்து நிற்கிறார்கள். அவர்களை நிரல்கள் என்கிறோம். புரோகிராம் என்றும் சொல்வதுண்டு. யார் யார் எழுந்து வரவேண்டும் என்பதற்கு அங்கேயும் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதியது யார்? அதில் பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்விகளின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இது படித்த நகரத்தாருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பாடங்கள் வீட்டுக்கே வந்தன. குளுவாங், லாபிஸ், ரெங்கம், கூலாய் என்று ஜொகூர் மாநிலத்தின் தோட்டப்புற வீடுகளிலும் ஒரே மடிக்கணினியைச் சுற்றி இரண்டு மூன்று பிள்ளைகள் உட்கார வேண்டிய நிலை வந்தது. அந்த மடிக்கணினியும் பெரும்பாலும் யாரோ பயன்படுத்திய பழையதாகவே இருந்திருக்கும். விசையை அழுத்திவிட்டுத் தேநீர் கலந்து குடித்து வந்த பிறகும் திரை தயாராகாது. ஆசிரியரோ வகுப்பைத் தொடங்கியிருப்பார். “இது பழசாகிவிட்டது, புதியது வாங்குங்கள்” என்று சொல்வார்கள். ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கக்கூடிய செலவு அது. உண்மையில் சில வேளைகளில் பழுதானது கணினியன்று. அதன் செக்ரோல் புத்தகம்தான்.

முதலில், கணினி எப்படி விழித்தெழுகிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பெருங்கணினிக்கு இத்தகைய பெரட்டு எதுவும் இல்லை. என்ன வேலை செய்யவேண்டுமோ அதற்கேற்ப மனிதர்களே கம்பிகளை மாற்றிச் செருகி, விசைகளைத் திருப்பி வைத்தார்கள். ஒரு கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாறுவதற்கே நாள் கணக்கில் ஆகும். பிறகு, செய்யவேண்டிய வேலையையும் கணினியின் நினைவகத்திலேயே எழுதிவைக்கும் முறை வந்தது. அப்போது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. வேலையை நினைவகத்துக்குள் கொண்டுவந்து வைப்பதும் ஒரு வேலைதானே? அந்த முதல் வேலையைச் செய்வது யார்? தூங்குகிறவன் தன்னைத் தானே தட்டி எழுப்ப முடியுமா?

ஐ.பி.எம். நிறுவனம் 1952ஆம் ஆண்டில் அறிவித்த 701 என்னும் கணினியில் இதற்காகவே ஒரு பொத்தானை வைத்தார்கள். அதை அழுத்தினால், துளையிட்ட அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ முதல் சில கட்டளைகள் உள்ளே வரும். அவை மற்றக் கட்டளைகளை இழுத்து வரும். அவை இன்னும் பலவற்றை இழுத்து வரும். வீட்டில் முதலில் அம்மா எழுந்து, பிறகு அண்ணனை எழுப்பி, அண்ணன் தம்பிகளை எழுப்புவதைப் போன்றது இது. தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கைச் சொல் உண்டு. அதிலிருந்துதான் கணினியைத் தொடங்குவதற்கு ‘பூட்’ செய்தல் என்ற பெயர் வந்தது.

1975ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினியை வாங்கியவர்கள், ஒவ்வொரு முறையும் முகப்பில் உள்ள விசைகளை மேலும் கீழும் தட்டித்தான் அந்த முதல் கட்டளைகளைப் புகுத்தினார்கள். ஒரு விசை தவறினாலும் அதைத் திருத்த வேண்டும். சில ஆண்டுகளில், மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாத சில்லு ஒன்றில் அந்தக் கட்டளைகளை நிரந்தரமாக எழுதிவைக்கும் வழக்கம் பரவியது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அறிமுகமான ஐ.பி.எம். தனியாள் கணினியிலும் அப்படியொரு சில்லு இருந்தது. அதற்கு பயாஸ் என்று பெயர். விசையை அழுத்தியதும் அது விழித்து, நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலியவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, பிறகு வட்டில் இருந்த டாஸ் என்னும் இயக்கமுறையை எழுப்பும்.

நேயர்களே, இங்கேதான் நம் செக்ரோல் புத்தகம் வருகிறது. டாஸ் எழுந்தவுடன் ‘ஆட்டோஎக்ஸெக்’ என்ற பெயருடைய ஒரு சிறு கோப்பைத் தேடிப் பார்க்கும். தானே நிறைவேறுவது என்பது அந்தப் பெயரின் பொருள். அதில் எழுதியுள்ள வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நிறைவேற்றும். 1983இல் வந்த டாஸின் இரண்டாம் பதிப்பில் ‘கான்ஃபிக்’ என்ற இன்னொரு கோப்பும் சேர்ந்தது. இரண்டையும் எந்தச் சாதாரண ஆளும் திறந்து படிக்கலாம். ஒரு வரியைச் சேர்க்கலாம், நீக்கலாம். புத்தகம் வீட்டுக்காரர் கையிலேயே இருந்தது.

ஆனால் களம் மிகச் சிறியது. அந்தக் கணினிகளில் நிரல்கள் உட்கார 640 கிலோபைட் இடம்தான் உண்டு. இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம்கூட அதைவிடப் பெரியதாக இருக்கும். 1984இல் போர்லாண்ட் நிறுவனம் சைடுகிக் என்ற நிரலை வெளியிட்டது. நாட்குறிப்பு, கணக்கிடும் கருவி முதலியவை அதில் இருந்தன. அது நினைவகத்தின் ஓர் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். குறிப்பிட்ட விசைகளை அழுத்தினால் உடனே முன்னே வந்து நிற்கும். இது பலருக்கும் பிடித்துப்போனது. அதைப் பார்த்து இன்னும் பல நிரல்கள் இதே முறையைக் கைக்கொண்டன. ஒவ்வொன்றும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டால், கணக்கு எழுதும் பெரிய நிரலுக்கு உட்கார இடமிருக்காது. ஆகவே யாரை எழுப்புவது, யாரை எழுப்பாமல் விடுவது என்று தீர்மானிப்பது அன்றே ஒரு கலையாகிவிட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டுத் தமிழர்களுக்கு உரிய ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

கணினி வந்தபோது அது ஆங்கிலம் மட்டுமே பேசியது. தமிழில் தட்டெழுத வழியில்லை. மலேசியாவில் 1985ஆம் ஆண்டு வாக்கில் முத்து நெடுமாறன் இந்தக் குறையைத் தீர்க்கும் பணியில் இறங்கினார். மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தொகுத்த கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் அவர். அவர் உருவாக்கிய மென்பொருள் முரசு என்ற பெயரைத் தாங்கியது. பின்னர் விண்டோசில் முரசு அஞ்சல் என்று வளர்ந்து, நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் பிற நாடுகளிலும் தமிழர்கள் தமிழிலே மின்னஞ்சல் எழுதத் துணை செய்தது.

அது எவ்வாறு வேலை செய்தது? விசைப்பலகையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். நாம் ஒரு விசையைத் தட்டியதும், அந்தச் செய்தி திரைக்குப் போகுமுன்னே முரசு அஞ்சல் இடையிலே நின்று அதைப் பிடித்து, உரிய தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்பும். இடையிலே நிற்கவேண்டுமானால் அது முன்னரே எழுந்து வந்து காத்திருக்க வேண்டும் அல்லவா? எனவே தமிழில் எழுதுகிறவர்கள் பலர் கணினி எழும்போதே அதுவும் எழும்படி பட்டியலில் சேர்த்துவைத்தார்கள். திரையின் மூலையில் அதன் சிறு சின்னம் தெரியும். பட்டியலிலிருந்து அதன் பெயரை யாரேனும் தெரியாமல் நீக்கிவிட்டால், மறுநாள் விசையைத் தட்டும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளே வந்து விழும். காரணம் தெரியாதவர்கள் கணினி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 இயக்கமுறையில் தமிழுக்கு இடம் தரப்பட்டது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. காலப்போக்கில், விருந்தாளியாக வந்து வாசலில் காத்திருந்த தமிழ், வீட்டுக்கு உரியவரில் ஒருவராகவே இயக்கமுறைக்குள் குடியேறிவிட்டது. பெயர்ப்பட்டியலில் உள்ள எல்லாமே பாரம் அன்று. சில பெயர்கள் நமக்கு உயிர்நாடி என்பதற்கு இது சான்று.

இனி, புத்தகம் எப்படி நம் கையை விட்டுப் போயிற்று என்று காண்போம்.

1992இல் வந்த விண்டோஸ் 3.1 பதிப்பில் ‘ஸ்டார்ட்டப்’ என்று ஒரு தொகுப்பு இருந்தது. அதற்குள் வைத்த நிரல்கள் தாமே எழும். இது எல்லோருக்கும் எளிதாக விளங்கியது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் விண்டோஸ் 95 வந்தது. அந்தத் தொகுப்பு இதிலும் இருந்தது. ஆனால் அதோடு ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் பெரிய பதிவேட்டுக்குள்ளும் தொடக்கப் பட்டியல்கள் வைக்கப்பட்டன. அந்தப் பதிவேடு சாதாரண ஆட்கள் திறந்து பார்க்கும் இடமன்று. நிரல்களை எழுதும் நிறுவனங்களுக்கோ அது நன்றாகத் தெரியும். பாட்டுக் கேட்கும் நிரல், அச்சுப்பொறியின் துணை நிரல், புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும் நிரல் என்று ஒவ்வொன்றும் நிறுவப்படும்போதே தன் பெயரைச் சத்தமில்லாமல் அதில் எழுதிக்கொண்டது. வாடிக்கையாளரின் கண்ணில் எப்போதும் படவேண்டும் என்பது வியாபாரிகளின் ஆசை. கிராணியார் அறையைப் பூட்டாமல் வைத்தால், வந்தவர் போனவர் எல்லாம் செக்ரோலில் பெயர் எழுதிக்கொள்வதைப் போன்ற நிலை அது.

வியாபாரிகள் நுழைந்த வழியிலே திருடர்களும் நுழைந்தார்கள்.

உண்மையில் திருட்டுத்தனம் இதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1986ஆம் ஆண்டில், பாகிஸ்தானின் லாகூர் நகரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் என்னும் நச்சுநிரல் பரவியது. தாங்கள் எழுதிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பவர்களைக் கண்டுகொள்ளவே அதை எழுதியதாக அவர்கள் கூறினார்கள். தங்கள் பெயரையும் முகவரியையும்கூட அதற்குள் எழுதிவைத்திருந்தார்கள். கணினி எழும்போது வட்டின் முதல் பகுதியைத்தானே படிக்கும்? பிரெய்ன் அந்தப் பகுதியில் இருந்ததை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, தான் அங்கே உட்கார்ந்துகொண்டது. எல்லோருக்கும் முன்னே எழுந்தவன், பிறகு எழுந்து வருபவர்களை ஏமாற்றுவது எளிது. 1992இல் உலகையே அச்சுறுத்திய மைக்கலாஞ்சலோ என்னும் நச்சுநிரலும் இந்த வழியில் வந்ததே. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 6ஆம் நாள் கணினியைத் தொடங்கினால், வட்டில் உள்ளவற்றை அது அழிக்கும்.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், நம் அண்டை நாடான பிலிப்பைன்சிலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பது அதன் தலைப்பு. ஆவலோடு இணைப்பைத் திறந்தவர்களின் கணினியில் அது புகுந்து, படக்கோப்புகளை அழித்தது. முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பியது. அதோடு நிற்கவில்லை. ரெஜிஸ்ட்ரியில் உள்ள தொடக்கப் பட்டியலிலும் தன்னை எழுதிக்கொண்டது. அதுவும் எப்படி? இயக்கமுறையைச் சேர்ந்த கோப்பு என்று நினைக்கும்படி ‘எம்.எஸ். கெர்னல் 32’ என்ற பெயரில்! கள்ளன் காவலாளியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பெரட்டில் வந்து நின்றான் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் பிலிப்பைன்சில் இதற்குரிய சட்டம் இல்லாததால் வழக்கு நடத்த முடியாமல் போயிற்று. மலேசியாவில் 1997ஆம் ஆண்டிலேயே கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது என்பதை இங்கே நினைவுகொள்ளலாம்.

அதே 2000ஆம் ஆண்டில், ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், டிரெக் என்னும் நிறுவனம் கட்டைவிரல் அளவுள்ள நினைவுக்கருவியைத் தம்ப்டிரைவ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பென்டிரைவ் என்று நாம் சொல்லும் பொருளின் முன்னோடிகளில் அது ஒன்று. பள்ளிப் பாடத்தை அச்சடிக்க அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகாத மாணவர் உண்டா? ஆனால் அதைச் செருகியவுடனே அதற்குள் இருக்கும் நிரல் தானே எழும்பும்படி ஒரு வசதி விண்டோசில் இருந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் நச்சுநிரல் பரவிய வழிகளில் இந்த வசதியும் ஒன்று. அதனால் 2009இல் வந்த விண்டோஸ் 7 பதிப்பில் பென்டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். பழைய பதிப்புகளுக்கும் 2011இல் அந்தத் தடை வந்தது. எந்த வசதியும், வீட்டுக்காரரைக் கேளாமல் கதவைத் திறந்துவிடுமானால், அது ஒரு நாள் வினையாகவே முடியும்.

புத்தகத்தைத் திரும்பவும் வீட்டுக்காரர் கையில் கொடுக்கும் முயற்சியும் இதற்கிடையே நடந்து வந்தது. 1998இல் வந்த விண்டோஸ் 98 பதிப்பில் ‘எம்.எஸ். கான்ஃபிக்’ என்னும் கருவி இருந்தது. தொடக்கத்தில் எழும் நிரல்களின் பெயர்களை அது வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள குறியை எடுத்துவிட்டால் அந்த நிரல் அடுத்த முறை எழாது. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்னும் இரு வல்லுநர்கள் ஆட்டோரன்ஸ் என்ற கருவியை எழுதி இலவசமாகத் தந்தார்கள். மூலைமுடுக்கெல்லாம் தேடி மறைந்திருக்கும் பெயர்களையும் அது காட்டியது. 2006இல் மைக்ரோசாப்ட் அவர்களுடைய நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. 2012ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 பதிப்பில், டாஸ்க் மேனேஜர் என்னும் பலகத்திலேயே தொடக்கப் பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டது. எந்த நிரலால் தொடக்கம் அதிகமாகத் தாமதப்படுகிறது என்பதையும் அது குறிப்பிட்டுக் காட்டியது. விண்டோஸ் 95 வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, புத்தகம் மறுபடியும் மேசைமேல் வந்தது.

பெற்றோர்களே, பிள்ளைகளே, இந்த வரலாற்றை அறிந்த நாம் வீட்டில் என்ன செய்யலாம்?

விண்டோஸ் 8 முதற்கொண்டு வந்த கணினிகளில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்டப் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். பட்டியலை நிதானமாகப் படியுங்கள். நச்சுநிரல் தடுப்பு, ஒலி, தொடுபலகை இவற்றுக்குரிய பெயர்களைத் தொடாதீர்கள். தமிழ் எழுதத் தனி மென்பொருள் வைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பாட்டு, விளையாட்டு, அரட்டை ஆகியவற்றுக்கான நிரல்கள் வேண்டும்போது திறந்துகொள்ளத் தக்கவை. அவற்றை நிறுத்தி வைக்கலாம். நிறுத்துவது என்றால் அழிப்பது அன்று. இன்றைக்குப் பெரட்டில் பெயர் கூப்பிடவில்லை என்பதுதான் பொருள்; கூப்பிட்டால் வருவார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாமல், ஒன்றிரண்டை நிறுத்தி, கணினியை மறுபடி தொடங்கிப் பாருங்கள். தெரியாத பெயர் ஏதேனும் இருந்தால், ஆசிரியரையோ விவரம் தெரிந்தவரையோ கேட்டுக்கொண்டு பிறகு கை வையுங்கள். பெயர் நல்லதாக இருப்பதனால் ஆளும் நல்லவன் என்று எண்ணிவிட வேண்டாம். ‘கெர்னல்’ வேடத்தை நினைவில் வையுங்கள்.

எல்லா மந்தத்துக்கும் இதுவே மருந்து என்று சொல்ல மாட்டேன். நினைவகம் போதாமல் இருக்கலாம், வட்டு தேய்ந்திருக்கலாம். ஆனால் புதிய கணினிக்குப் பணம் தேடுமுன் இதைச் செய்து பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. கால் மணி நேரம் போதும்.

நம் மாநிலத்தில் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் இப்போது பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. செம்பனையும் ரப்பரும் நின்ற மண்ணிலே ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றுக்குள்ளும் எந்த நிரல் முதலில் எழவேண்டும், எது பிறகு எழவேண்டும் என்று பட்டியல் எழுதும் மனிதர்கள் வேண்டும். நம் பாட்டன்மார் பெரட்டில் நின்று, தங்கள் பெயர் கூப்பிடப்படுவதற்காகக் காத்திருந்தார்கள். புத்தகம் அவர்கள் கைக்கு வந்ததில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைத் திறந்து படிக்கவும், திருத்தி எழுதவும் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு முதல் பாடம் வீட்டில் இருக்கும் அந்தப் பழைய மடிக்கணினியிலேயே இருக்கிறது. இன்று மாலை, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.